‘போர்டு போயிடுச்சு’ என்று சொல்வதற்கு முன்னால்

1989-ல் வெளிவந்த ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாட்டு சில மடிக்கணினிகளை அப்படியே நிறுத்திவிடும். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென், தன் சக ஊழியர் ஒருவரிடம் கேட்டறிந்த சம்பவமாக 2022 ஆகஸ்டில் இதை எழுதினார். விண்டோஸ் எக்ஸ்பி புழக்கத்தில் இருந்த காலம். அந்தப் பாட்டின் வீடியோவை ஓடவிட்டால் தங்கள் லேப்டாப் மாடல் ஒன்று செயலிழப்பதைப் பெரிய கணினி நிறுவனம் ஒன்று கண்டறிந்தது. போட்டி நிறுவனங்களின் சில லேப்டாப்களுக்கும் அதே கதி. இதைக் கேட்கும் யாருக்கும் முதலில் சந்தேகம் வருவது வீடியோ ஃபைல் மேல்தான். அடுத்து அதை ஓட்டும் மென்பொருள், அதற்கடுத்து டிரைவர்.

இத்தனை சந்தேகங்களுக்கும் ஒரே ஒரு கவனிப்பு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு லேப்டாப்பில் பாட்டு ஓடும்போது, பக்கத்தில் வேறு வேலையாக இருந்த இன்னொரு லேப்டாப்பும் நின்றுபோனது. அதில் வீடியோவே ஓடவில்லை. அப்படியானால் ஃபைல் குற்றவாளி அல்ல, மென்பொருளும் அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காற்றில் போகக்கூடியது சத்தம் மட்டுமே. அந்த லேப்டாப்களில் இருந்த, நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண்களில் ஒன்று அந்தப் பாட்டிலும் இருந்தது. பாட்டு ஒலித்ததும் ஒத்ததிர்வு ஏற்பட்டு டிஸ்க் தடுமாறியது. அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டும் ஃபில்டர் ஒன்றை ஒலி வெளியேறும் பாதையில் வைத்து நிறுவனம் பிரச்சினையைத் தீர்த்தது.

லேப்டாப் பழுது பார்ப்பதில் உண்மையான திறமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் கை பிறகுதான் வேலைக்கு வரும். எந்தச் சோதனையைச் செய்தால் சந்தேகப் பட்டியலில் பாதி ஒரேயடியாகக் கழியும் என்று யோசிக்க வேண்டும். தரைக்குள் போகும் குழாயில் எங்கோ கசிவு என்றால், நல்ல பிளம்பர் தரையை உடைக்கமாட்டார். நடுவில் உள்ள வால்வை மூடிவிட்டு மீட்டரைப் பார்ப்பார். கசிவு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு இந்த இயந்திரங்களுக்குத் துணை, சென்னையின் ரிச்சி தெருவும் மாவட்டத் தலைநகரங்களின் பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு கடைகளும்தான். அங்கே வாடிக்கையாளர் மிகவும் பயப்படும் வாக்கியம், ‘போர்டு போயிடுச்சு.’ மதர்போர்டை மாற்றும் செலவில் பல நேரம் பழைய லேப்டாப் ஒன்றையே வாங்கிவிடலாம் என்பதால், அந்த வாக்கியத்தோடு பலர் இயந்திரத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆன் ஆகாத எல்லா லேப்டாப்பும் போர்டு போனதல்ல.

பவர் பட்டனை அழுத்தினால் அந்தச் செய்தி நேராகப் பிராசசருக்குப் போகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடுவே எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப் ஒன்று இருக்கிறது. கீபோர்டு, ஃபேன், சார்ஜிங், மூடியின் திறப்பு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வது அதுதான். லேப்டாப்பை முழுக்க அணைத்த பிறகும் பேட்டரியிலிருந்து துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, யாராவது பட்டனை அழுத்துவார்களா என்று அது விழித்திருக்கும். அதற்குள்ளும் ஒரு புரோகிராம் ஓடுகிறது. புரோகிராம் என்றால் அதுவும் சில நேரம் ஹேங் ஆகும். மின்வெட்டு, வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு, பாதியில் பிடுங்கிய சார்ஜர் என்று எதனாலாவது அந்தச் சிப் சிக்கிக்கொண்டால், பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கேட்க ஆளில்லை. பார்ப்பவருக்கு அது செத்த லேப்டாப்.

மருந்து எளிது. சார்ஜரைப் பிடுங்க வேண்டும். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட வேண்டும். பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்தினால், கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னூட்டமும் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்து பார்க்கலாம். பேட்டரி உள்ளேயே பொதிந்த மாடல்களில் பட்டனை நீண்ட நேரம் அழுத்துவதே பெரும்பாலும் போதும். திங்க்பேட், ஏசர் போன்றவற்றின் பல மாடல்களில் இதற்கென்றே அடிப்பக்கத்தில் ஊக்கு நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. செலவில்லாத, எதையும் கெடுக்காத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது.

அதிலும் உயிர் வரவில்லையென்றால் அடுத்து சார்ஜர். லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 19 அல்லது 19.5 வோல்ட் தருபவை. டெல் சார்ஜரின் முனையை உற்றுப் பார்த்தால் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று தெரியும். அது மின்சாரத்துக்கானதல்ல. ‘நான் இத்தனை வாட் சார்ஜர்’ என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்லும் கம்பி. அந்த ஊசி வளைந்தாலோ உள்ளே கம்பி அறுந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. தெரியாத சார்ஜரை நம்பாமல் பிராசசரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் இந்த மந்தம் போகாது, ஏனென்றால் கோளாறு இருப்பது வயரின் முனையில். டைப்-சி சார்ஜர்களில் இந்தப் பேச்சுவார்த்தை இன்னும் விரிவானது. 5 வோல்ட்டில் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகே 20 வோல்ட் வரை ஏறும். 5 வோல்ட் மட்டுமே தரத் தெரிந்த பழைய போன் சார்ஜர் துளையில் பொருந்தும், லேப்டாப்புக்குப் பலன் தராது.

ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. இப்போது கேப்ஸ் லாக் விசையைத் தட்ட வேண்டும். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயங்குதளம் வரைக்கும் உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சந்தேகம் திரைப் பக்கம் நகர்கிறது. ஹெச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்துப் படம் வந்தால் அது உறுதி. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பார்க்கலாம். உள்ளே மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் திரை நன்றாகவே வரைகிறது, பின்னால் வெளிச்சம் தரும் பகுதிக்குத்தான் மின்சாரம் போகவில்லை. மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீலின் வழியாகப் போகும் கேபிள் நைந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்த கேபிள் அது, ஒருநாள் நைவதில் வியப்பில்லை.

இன்னொரு விசித்திரமான காரணமும் உண்டு. மூடி மூடியிருக்கிறதா என்பதை லேப்டாப் காந்தத்தால் உணர்கிறது. மூடியில் சிறு காந்தமும் உடம்பில் ஹால் சென்சாரும் இருக்கும். இயங்கும் லேப்டாப்பை இன்னொரு லேப்டாப்பின் மேல் வைத்து வேலை பார்த்தால், கீழே உள்ளதன் காந்தம் மேலே உள்ளதன் சென்சாரை ஏமாற்றித் திரையை அணைத்துவிடும். காந்தப் பூட்டு வைத்த கைக்கடிகாரப் பட்டையும் இதைச் செய்யும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே நன்றாக ஓடும், வீட்டுக்கு வந்தால் மறுபடி அணையும்.

அடுத்தது வெப்பம். நம் ஊர் லேப்டாப்களின் பெரும் எதிரி இதுதான். இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் லேப்டாப் பட்டென்று அணைந்துவிடும். ‘ஆன் செய்தவுடன் நன்றாக ஓடுகிறது, கால் மணி நேரத்தில் இழுக்கிறது’ என்று யாராவது சொன்னால், வைரஸைத் தேடுவதற்கு முன் ஃபேனைப் பார்க்க வேண்டும். மென்பொருள் கோளாறு இப்படிக் கடிகாரம் பார்த்து வருவது அபூர்வம், வெப்பம்தான் படிப்படியாக ஏறுவது.

பிராசசரின் சூட்டை எடுத்துப் போவது ஒரு தட்டையான செம்புக் குழாய். அதற்குள் குறைந்த அழுத்தத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய் மறுபடி நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே திரும்பி வரும். குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும், ஃபேன் அவற்றினூடே காற்றை ஊதும். சிக்கல் வருவது அந்தத் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் இடையில். தலையணைப் பஞ்சு, துணி நூல், தலைமுடி, தெருப்புழுதி எல்லாம் அங்கே சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படிந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, சத்தமும் கேட்கிறது. வெளியே வரும் காற்று மட்டும் மூச்சளவுக்கு இருக்கும்.

அறையின் வெப்பம் இதோடு நேரடியாகக் கூடுகிறது. ஒரே வேலையைச் செய்யும்போது, பிராசசர் அறையைவிட இத்தனை டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும் என்ற வித்தியாசம் ஏறக்குறைய மாறுவதில்லை. 25 டிகிரி குளிரூட்டிய அறையில் 80-ல் நிற்கும் சிப், மே மாத வேலூரில் 40 டிகிரி அறையில் 95-ஐத் தொடும். அதே லேப்டாப்பை மெத்தை மேல் வைத்தால் அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளும் அடைபடும். கடினமான மேசை, அல்லது அடியில் இரண்டு பாட்டில் மூடிகள் கொடுத்த சாய்வு கூட உண்மையான பலன் தரும்.

சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. புளோயரால் ஊதும் முன் ஃபேனின் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடில்லாமல் சுற்றவிட்டால் அதன் பேரிங் கெடும். சுற்றும் மோட்டாரே ஜெனரேட்டராகி போர்டுக்குள் மின்சாரத்தைத் தள்ளவும் கூடும். சில ஆண்டுகள் ஓடிய லேப்டாப் என்றால் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடலாம். சிப்பும் செம்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவே நுண்ணிய காற்று இடைவெளிகள் உண்டு, காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அந்த இடைவெளிகளை நிரப்பும் பேஸ்ட், காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்துகிறது. காய்ந்து விரிசல் விட்டபின் காற்று மறுபடி உள்ளே வந்துவிடுகிறது.

‘லேப்டாப் ஸ்லோ’ என்ற புகாரின் இன்னொரு பெரும் பங்கு பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சேரும். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடிக்குச் சற்று மேல். தேவையான தகவல் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி ஆகும். ஆக, டிஸ்க்கின் வெவ்வேறு மூலைகளில் கிடக்கும் சிறு தகவல்களை விநாடிக்கு அறுபது முறை எடுப்பதே பெரிய காரியம். அந்த நேரத்தில் விண்டோஸ் பின்னணியில் அப்டேட்டை இறக்குகிறது, ஆன்டிவைரஸ் ஃபைல்களைத் துழாவுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவக்கும், ஆனால் விநாடிக்கு ஒரு மெகாபைட் கூட நகராது. பிராசசரோ பத்து சதவீதத்தில் சும்மா இருக்கும். எஸ்எஸ்டியில் சுழலும் பகுதியே கிடையாது, ஒரு தகவலை எடுக்க மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். பத்து வருடப் பழைய லேப்டாப்பில் ஒரே ஒரு பாகத்தை மாற்றக் காசு இருந்தால், அது எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் விஷயம் வேறு. படிக்கும் தலை டிஸ்க்கின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அது தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கு ஓடும் சத்தம்தான் அது. இந்த நிலையில் ‘ரிப்பேர்’ என்ற பெயரில் எந்த மென்பொருளையும் ஓட்டக் கூடாது. அது டிஸ்க் முழுவதையும் படிக்கவைத்து மிச்ச உயிரையும் எடுத்துவிடும். முதலில் போட்டோக்கள், சான்றிதழ்கள், புராஜெக்ட் ஃபைல்கள் என்று மிக வேண்டியவற்றை வேறு இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். பழுது பார்ப்பது அதற்குப் பிறகு. சத்தம் வருவதற்கு முன்பே எச்சரிக்கவும் வழியிருக்கிறது. டிஸ்க்குகள் ‘ஸ்மார்ட்’ என்ற பதிவேட்டைத் தமக்குள் வைத்திருக்கின்றன. கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்திய செக்டர்களின் எண்ணிக்கை அதில் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் நாள்கள் எண்ணப்படுகின்றன.

ராம் கோளாறு ஒரே மாதிரி வராது என்பதுதான் அதன் அடையாளம். இன்று பிரவுசர் மூடிக்கொள்ளும், நாளை நீலத் திரை, நாளை மறுநாள் பீப் சத்தத்தோடு ஆன் ஆகாமல் நிற்கும். நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரம் சாட்சி. 2003 மே 18 தேர்தலில் அங்கே ஒரு வேட்பாளருக்குச் சாத்தியமே இல்லாத அளவில் 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு, அதாவது ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆனதன் சரியான விலை. வேறு காரணம் அகப்படாததால் விண்வெளியிலிருந்து வந்த துகள் ஒன்றின் மேல் சந்தேகம் விழுந்தது. வீட்டு லேப்டாப்பில் காரணம் பெரும்பாலும் இவ்வளவு தொலைவில் இல்லை. ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்து மறுபடி செருகுவது கடைகளில் அன்றாடம் நடப்பது. பற்களில் படிந்த அழுக்கு மின்தொடர்பைத் தடுக்கிறது, தேய்த்ததும் விலகுகிறது. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாலே குற்றவாளி எது என்று தெரிந்துவிடும்.

இனி மென்பொருள். எது பாகத்தின் கோளாறு, எது மென்பொருளின் கோளாறு என்று பிரிக்கும் வால்வு ஒரு பென் டிரைவுக்குள் அடங்கும். உபுண்டு போன்ற லினக்ஸை அதில் ஏற்றி, டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டலாம். விண்டோஸில் வராத சத்தம் அங்கே வந்தால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, டிரைவரைத்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் வைஃபை கிடைக்கவில்லையென்றால், அட்டை அல்லது ஆன்டெனா கம்பி மேல் சந்தேகம் வலுக்கும். ஃபார்மட் போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்தால் ஒரு நாள் உழைப்பும், சில நேரம் ஒரு குடும்பத்தின் போட்டோக்களும் மிஞ்சும்.

விண்டோஸ் 8 தொட்டு ஒரு பழைய கைவைத்தியம் பலிக்காமல் போனதும் பலருக்குத் தெரியாது. ஷட் டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்பது பழைய நம்பிக்கை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இயங்கும் லேப்டாப்களில் ஷட் டவுன் கொடுக்கும்போது, விண்டோஸின் மையப்பகுதி தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத்தான் அணைகிறது. அடுத்த முறை அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. சிக்கிய டிரைவரும் சிக்கிய நிலையிலேயே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே மையப்பகுதி முதலிலிருந்து தொடங்கும்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை காலையில் உலகம் முழுக்க நீலத் திரைகள் தோன்றின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த சிறு அப்டேட் ஒன்று 21 மதிப்புகளை எதிர்பார்த்தது, மென்பொருள் கொடுத்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி நினைவகத்தின் தவறான இடத்தைப் படிக்கப்போனதும் விண்டோஸ் விழுந்தது. அப்டேட்டை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் கணினிகள் அதற்குள் பாதிக்கப்பட்டிருந்தன. எந்தக் கணினியிலும் ஒரு பாகம் கூடக் கெடவில்லை. அவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் நுழைந்து, அந்த ஒரு ஃபைலை அழித்ததும் பெரும்பாலானவை எழுந்தன. பலர் மாட்டிக்கொண்டது வேறிடத்தில். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. இன்றைய வீட்டு லேப்டாப்கள் பலவற்றிலும், உரிமையாளர் அறியாமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கிறது. சாவி பெரும்பாலும் அவரது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லேப்டாப் ஓடும்போதே அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சில கோளாறுகள் வேறு வேடத்தில் வரும். வங்கித் தளம் உட்பட எந்தத் தளமும் ‘பாதுகாப்பில்லை’ என்று திறக்க மறுத்தால், இணைய நிறுவனத்தைத் திட்டும் முன் திரை மூலையில் தேதியைப் பார்க்க வேண்டும். போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்துபோன பழைய லேப்டாப்களில் தேதி பல வருடம் பின்னோக்கிப் போய்விடும். தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் செல்லாதவை. வெளி ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி 3.0 துளையில் செருகியதும் வைஃபை தடுமாறினால் அதுவும் பிரமையல்ல. அந்த இணைப்பு எழுப்பும் இரைச்சல், வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்று இன்டெல் 2012-லேயே அளந்து காட்டியது. டிஸ்க்கை நீளமான கேபிளால் தள்ளி வைக்கலாம், அல்லது வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம்.

கீபோர்டில் டீ கொட்டினால் மேலே சொன்ன பொறுமையான வரிசை எதுவும் பொருந்தாது. அந்த நொடியே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கவிழ்த்து வைக்க வேண்டும். ஈரம் மட்டும் போர்டைக் கெடுப்பதில்லை. ஈரத்தின் ஊடே மின்சாரம் பாயும்போது செம்புத் தடங்கள் மின்பகுப்பால் கரையத் தொடங்குகின்றன. அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பலனில்லை. சர்க்கரையும் பாலும் போர்டிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, திறந்து ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவத் தெரிந்தவரிடம் அன்றே கொடுக்க வேண்டும்.

வீட்டில் எவரும் கைவைக்கவே கூடாத ஒரு கோளாறும் இருக்கிறது. டச்பேட் மேலே எழும்பி க்ளிக் ஆகாமல் போனாலோ, மேசையில் வைத்த லேப்டாப் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் அயான் செல்லுக்குள் இருக்கும் மின்பகு திரவம் சிதைந்து வாயுவாக மாறியதன் விளைவு அது. சூடும், முழுச் சார்ஜிலேயே மாதக்கணக்கில் வைத்திருப்பதும் இதை வேகப்படுத்தும். 2006 ஆகஸ்டில், சோனி தயாரித்த செல்கள் தீப்பிடிக்கும் அபாயம் தெரிந்ததும் டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அங்கே காரணம் வேறு, செல்லுக்குள் கலந்துவிட்ட உலோகத் துகள்கள். ஆனால் உள்ளே ஷார்ட் ஆன லித்தியம் செல் எப்படி எரியும் என்பதை அந்தச் சம்பவம் உலகத்துக்குக் காட்டியது. உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. புதிய பேட்டரி வாங்கும் இடத்திலேயே பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம்.